கரும்புப் பெண்ணுக்கு வைத்த பெயர்

எங்கள் சந்தில் பெரியவர்களுக்குப் பெயர் கிடையாது. முதல் பிள்ளை பிறந்த அன்றோடு அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் போய்விடும். நான் தாரினெம். அது என் புருஷன் ஜுமாடிக்கே பாதி நாள் மறந்துபோகும். ஊருக்கு நான் பக்யோ அம்மா, அவர் பக்யோ அப்பா. எதிர்வீட்டுக் கசியெம், வெனிங் அம்மா. அவள் புருஷன் சர்மிடி அண்ணன் சர்க்கரை ஆலையின் ஏழாம் நம்பர் இன்ஜினுக்கு டிரைவர், வெனிங் அப்பா. என் வீட்டுக்காரர் அதே இன்ஜினுக்குத் தீ போடுகிறவர். இரண்டு வீட்டுச் சோறும் ஒரே இன்ஜினில்தான் வெந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெனிங் ஒரு கரும்பு அரவையின்போது செத்துப்போனாள். ஒரே பிள்ளை. அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரையும் எப்படிக் கூப்பிடுவது என்று சந்தில் யாருக்கும் தெரியவில்லை. பழையபடி கூப்பிட்டால் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போலாகும். கூப்பிடாமலும் இருக்க முடியாது. "இந்தாங்க", "உங்களத்தான்" என்று கொஞ்ச நாள் இழுத்தடித்தார்கள். கடைசியில் கசியெம் அக்கா என்றானது. கல்யாணத்துக்கு முந்தைய பெயர், அவளுக்கே அது ஒட்டவில்லை. கூப்பிட்டால் பின்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பாள். இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் நிற்பாள்.

நான் வாயாடி. இன்ஜின் ஷெட் வாசலில் காபிக் கடை வைத்திருப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் கடன் சொல்லியே கடையைக் காலி செய்துவிடுவார்கள். ஆனால் அவளிடம் மட்டும் என் வாய் கட்டிக்கொண்டது. மத்தியானம் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். கறுப்புக் காபி, மூன்று கரண்டி சர்க்கரை. மகள் இருந்தபோது இரண்டு பேரும் ஒரே டம்ளரை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். அடியில் கரையாமல் கிடக்கும் சர்க்கரைக்கு விரலை விட்டுச் சண்டை போடுவார்கள். "ஆலையக் கொள்ளையடிக்கறது போதாதுன்னு என் கடையையுமா" என்று நான் திட்டுவேன். மகள் போன பிறகு முழு டம்ளரும் அவளுக்குத்தான். பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த நாளைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெனிங்குக்கு ரத்தக் காய்ச்சல். மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது. ஆலையின் ஜீப் டவுனுக்குப் போயிருந்தது. தண்டவாளம் ஆற்றைத் தாண்டித் தார்ச்சாலைவரை போகிறது, அங்கே போனால் ஏதாவது வண்டி கிடைக்கும். சர்மிடி அண்ணன் கரும்பு வண்டிகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒரே ஒரு காலி வண்டியில் கரும்புச் சக்கையைப் பரப்பிப் பாயைப் போட்டு மகளைப் படுக்க வைத்தார். கசியெம் வீட்டுக்குள் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் மதிக்க வேண்டுமே என்று மகளுக்கு நல்ல பாத்திக் துணியாகத் தேடினாள். "நீங்க முன்னாடி போங்க, நான் துணி எடுத்துட்டுப் பின்னாடியே வரேன்" என்று உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள். துணி கிடைத்து வெளியே வந்தபோது புகைதான் தெரிந்தது.

வெனிங் மூன்றாம் பாலத்திலேயே போய்விட்டாள். முதலில் தெரிந்தது பின்னால் திரும்பிப் பார்த்த என் வீட்டுக்காரருக்குத்தான். அவர் சொல்லவில்லை. சொன்னால் டிரைவர் கை நின்றுவிடும் என்று பயந்து, சக்கையை அள்ளி அள்ளித் தீயில் போட்டுக்கொண்டே இருந்தார். தார்ச்சாலையில் நிறுத்தி, இறங்கி, மகளைத் தூக்கப் போன பிறகுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் என்பதை என் வீட்டுக்காரர் அப்போதுதான் சொன்னார். அன்று சாயங்காலமே அடக்கம். எங்கள் ஊரில் அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. கசியெம் சந்து முனையோடு நின்றுவிட்டாள். அந்த அரவை முடிந்ததும் வெனிங்குக்குக் கல்யாணம் வைத்திருந்தோம்.

மகள் எந்த இடத்தில் போனாள், எப்படிப் போனாள் என்று பெண்டாட்டி கேட்கவில்லை. புருஷன் சொல்லவும் இல்லை. ஏழாம் நம்பர் எங்கள் சந்தின் பின்பக்கம் வரும்போது அண்ணன் சின்னதாக இரண்டு ஊதல் ஊதுவார். வெனிங் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடுவாள். அந்த ஊதலும் நின்றுபோனது. தூக்கை நான் ஷெட்டில் கொண்டுபோய் வைத்தேன். அதைத் தின்றாரோ கொட்டினாரோ, யார் கண்டது.

மழைக்காலம் முழுக்க இன்ஜின்கள் ஷெட்டில் குளிர்ந்து கிடந்தன. மழை விட்டு, கரும்பு முற்றி, அரவைக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஆலையில் கரும்புக்குக் கல்யாணம் செய்யாமல் அரவை தொடங்காது. ஒரு தோட்டத்துக் கரும்பு பெண், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கரும்பு மாப்பிள்ளை. இரண்டுக்கும் துணி உடுத்தி, மல்லிகை சுற்றி, கல்யாணம் செய்து, ரயிலில் ஊர்வலமாகக் கொண்டுவந்து, கரும்பு பிழியும் இரும்பு உருளைக்குக் கொடுப்போம். உருளையின் முதல் பசி அவர்களோடு தீர்ந்துவிட்டால் அப்புறம் மனுஷர் கையைக் கேட்காது. சிரிக்கிறவர்கள் கர்ஸோ பெரியவரின் இடது கையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். ஒரு வருஷம் புது மேலாளர் ஒருவர் இதெல்லாம் வீண் செலவு என்று நிறுத்தினார். அந்த அரவையில்தான் உருளைக்குக் கரும்பு தள்ளிக்கொண்டிருந்த கர்ஸோவுக்கு இரண்டு விரல் போனது. அன்றிலிருந்து கரும்புக் கல்யாணத்துக்குப் பெரியவர் அவர்தான்.

பெண்வீடு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பிரிவுக்கு. அந்த வருஷம் இன்ஜின் ஷெட்டின் முறை. கர்ஸோ என் கடையில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

"ஷெட்டுல மூத்த டிரைவர் வீடுன்னா சர்மிடி வீடுதான். ஆனா எப்படிப் போய்க் கேக்கறது..."

"ஏன் கேக்கணும்? பேசாம எங்க வீட்டுக்கு வாங்க. தீ போடற ஆளு இல்லாம இன்ஜின் வெறும் இரும்புப் பானைதானே" என்றேன்.

"உன் வீட்ல பொண்ணெடுத்தா மாப்பிள்ளைக் கரும்பு தோட்டத்துக்கே திரும்பி ஓடிடும்மா. மாமியார் வாய் அப்படி."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். அப்போது பெஞ்சின் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"நான் செய்யறேன்."

கசியெம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க முறை. நான் செய்யறேன். குளிப்பாட்டணும், ஊட்டி விடணும், எல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள்.

தெரியும்தான். மகளுக்குச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு வைத்திருந்தாளே. கர்ஸோ மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

சர்மிடி அண்ணனுக்கு விஷயம் போனபோது அவர் இன்ஜினுக்கு அடியில் படுத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர்தான் போய்ச் சொன்னார். அடியிலிருந்தே பதில் வந்ததாம்.

"அவ ஆசைப்பட்டா செய்யட்டும். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நான் குடையும் பிடிக்க மாட்டேன், கல்யாண வண்டியும் ஓட்ட மாட்டேன். வேற டிரைவரப் பாருங்க."

குடை என்றால், கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணின் அம்மா வருகிறவர்களுக்குத் தவெத் விற்பாள். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றிய பானம். காசு வாங்க மாட்டாள், உடைந்த ஓட்டுச் சில்லுதான் விலை. அவள் விற்க, பெண்ணின் அப்பா பின்னால் நின்று அவளுக்குக் குடை பிடிக்க வேண்டும். வெனிங் கல்யாணத்துக்காக அண்ணன் பெரிய மஞ்சள் குடை ஒன்று வாங்கி வைத்திருந்தார். அது அவர்கள் வீட்டு உத்தரத்தில் காகிதம் சுற்றியபடியே கிடந்தது.

முந்தின நாள் வந்தது. கசியெம் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். மூங்கிலில் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். பெண் கரும்பு நல்ல உயரம், ஊதா நிறம், தலையில் பச்சைத் தோகை. கசியெம் அதைப் பூப்போட்ட தண்ணீரில் குளிப்பாட்டினாள். சொட்டுச் சொட்டாகத் துடைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு பாத்திக் துணியை எடுத்து அதற்கு உடுத்தினாள். அந்தத் துணியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாளே, அதே துணி. அடுத்து மஞ்சள் சோற்றை உருட்டி மூன்று தடவை கரும்பின் அருகே கொண்டுபோனாள். பெண்ணுக்கு அம்மா கையால் கடைசிச் சோறு. அதுவரைக்கும் வம்பளந்துகொண்டிருந்த பொம்பளைகள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கர்ஸோ சாம்பிராணி போட்டுவிட்டுக் கேட்டார்.

"பொண்ணு பேரு என்ன?"

இனிப்பு, இளவரசி என்று அந்த மாதிரி ஏதாவது சொல்வதுதான் வழக்கம். ஆலையில் பிறந்த எவர் பெயரையும் வைக்க மாட்டோம். நெருப்பில் கை வைக்காதே என்று தனியாக யாரும் சொல்லித் தருவதில்லையே, அதுபோலத்தான் இதுவும்.

"வெனிங்" என்றாள் கசியெம்.

கர்ஸோவின் கை புகையிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா டவுனிலிருந்து புதிதாக வந்த ஆள், அவனுக்கு என்ன தெரியும். சந்தோஷமாகக் கத்தினான்.

"மணப்பெண் பேர் வெனிங். வெனிங் அம்மா தவெத் விக்க வரலாம். வெனிங் அம்மா, வாங்க."

சந்து முழுக்க, ஷெட்டுவரை, ஆலைவரை கேட்டது. கசியெம் சட்டென்று திரும்பினாள். முதல் தடவையிலேயே திரும்பினாள்.

"இதோ வரேன்" என்றாள்.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். ஒரு வருஷமாகப் பூட்டிக்கிடந்த வீட்டின் கதவைத் திறந்தது போல இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு அந்த ஒரு அழைப்புதான் வேண்டியிருந்தது. கல்யாணத்தில் ஊரே வெனிங் அம்மா, வெனிங் அம்மா என்று கூப்பிடுமே, அதுவரைக்கும்தான் யோசித்திருக்கிறாள். அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

அவள் பானையின் பின்னால் உட்கார்ந்து தவெத் ஊற்றினாள். குடை பிடிக்க ஆளில்லை என்று என் வீட்டுக்காரர் போய் நின்றார், கையில் என் கடையின் கிழிந்த குடை.

"பக்யோ அப்பா, உங்க பொண்டாட்டி பாக்கறா. அடுத்த வீட்டு அம்மாவுக்குக் குடை பிடிச்சா ராத்திரி சோறு கிடைக்குமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எந்த ராத்திரிதான்யா வாய்க்கு வெளங்கற சோறு கிடைச்சுது" என்றார் அந்த மனுஷன்.

கசியெம் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். அப்போது கூட்டம் விலகியது.

சர்மிடி அண்ணன் ஷெட்டிலிருந்து வந்திருந்தார். கையெல்லாம் எண்ணெய். ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்டுவிட்டு அப்படியே எழுந்து வந்திருக்கிறார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை.

"வெனிங்னு பேர் வெச்சியா?" என்றார்.

"ஆமா."

"நாளைக்கு அவ எங்க போறான்னு யோசிச்சியா?"

கசியெம் அவரைப் பார்த்தாள். பந்தலில் சாய்த்து வைத்திருந்த கரும்பைப் பார்த்தாள். ஆலைப்பக்கம் திரும்பி, புகைபோக்கியைப் பார்த்தாள். ஆலையில் பிறந்து, ஆலையில் வளர்ந்து, ஒவ்வொரு வருஷமும் அந்தக் கல்யாணத்துக்குப் போனவள். பெண் கரும்பு கடைசியில் எங்கே போகும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அகப்பை பானைக்குள் விழுந்தது.

அவர் திரும்பி நடந்தார்.

கசியெம் கர்ஸோவின் முன்னால் போய் நின்றாள். "பெரியவரே, பேர மாத்திடுங்க. தெரியாம சொல்லிட்டேன்."

கர்ஸோ அழுதுவிடுவார் போலிருந்தது. "சாம்பிராணி போட்டாச்சேம்மா. பேரும் ஊருக்கே கேட்டாச்சு."

"வேற கரும்பு வெட்டிக்கலாமே."

"வெட்டலாம். பேர் வெச்ச பொண்ண வீட்ல வெச்சுக்கிட்டு வேற ஒண்ண அனுப்பினா..." அவர் முடிக்கவில்லை. இடது கையை மெல்ல இழுத்துக் கைலிக்குள் மறைத்துக்கொண்டார். "உன்ன வற்புறுத்த மாட்டேம்மா. நீ வேணாம்னா வேணாம். என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

அவர் மறைத்த கையைத்தான் கசியெம் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலுக்கு வெளியே உருளைக்கூடத்து ஆட்கள் நின்றிருந்தார்கள், எல்லாம் கல்யாணமான புதிது. அவர்களையும் பார்த்தாள்.

"வேணாம். யார் வீட்டுப் புள்ள கையும் போக வேணாம். நானே கொண்டுவரேன்" என்றாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவள் ஷெட்டுக்குப் போனாள். நான் கடையை மூடிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்டேன் என்று சொன்னாலும் பரவாயில்லை, கேட்டேன். அண்ணன் இன்ஜின் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு நீங்க ஓட்டணும்" என்றாள்.

"என்னால ஆகாது. இதே இன்ஜின்ல ஒரு தடவ அவள ஏத்திட்டுப் போனேன். போதும்."

"நீங்க போனீங்க."

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க கூடப் போனீங்க. அடக்கத்துக்கும் நீங்க போனீங்க. ரெண்டு தடவையும் நான் சந்துலயே நின்னேன். எந்த வழி போனா, எந்த இடத்துல... ஒண்ணுமே எனக்குத் தெரியாது. துணி தேடிட்டு இருந்தேன்ங்க. துணி தேடிட்டு இருந்தேன்." படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவ நானும் கூட வரேன். நீங்க ஓட்டாம வேற எவனோ ஓட்டினா நான் யார் கூடப் போவேன்?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. கடைப் பலகையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, காரணமே இல்லாமல் என் மகனைத் திட்டினேன்.

மறுநாள் காலை பந்தலில் எல்லோரும் காத்திருந்தோம். எந்த டிரைவர் வருவார் என்று யாருக்கும் தெரியாது. சந்தின் பின்பக்கம் இன்ஜின் சத்தம் வந்தது. அதை அடுத்து, சின்னதாக இரண்டு ஊதல்.

கசியெம் கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

ஏழாம் நம்பருக்கு வாழை மரம் கட்டி, மூக்கில் மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா பின்னால் வரும் வண்டியில் உட்காருவதுதான் வழக்கம். கசியெம் நேராக இன்ஜினுக்குப் போனாள். அண்ணன் கையை நீட்டினார், அவள் ஏறிக்கொண்டாள். ஏறியவள் பிடித்திருந்த என் கையை விடாமல் என்னையும் மேலே இழுத்துக்கொண்டாள். நான் பின்னால் சக்கைக் கட்டுகளின் மேல் போய் விழுந்தேன்.

"எந்திரிடி, நீ உக்காந்திருக்கறதத்தான் நான் எரிக்கணும். உன்னத் தூக்கிப் போட்டா எரிய மாட்ட, புகைதான் வரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

பொறி பறந்து என் நல்ல மேல்துணியில் இரண்டு ஓட்டை விழுந்தது. மற்ற நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

வண்டி தோட்டங்களுக்கு நடுவே போனது. பின்னால் வண்டிகளில் மேளம், பாட்டு, பிள்ளைகளின் கூச்சல். இன்ஜினில் கசியெம் கரும்பை மடியோடு அணைத்துக்கொண்டு, வழியில் வந்த ஒவ்வொன்றையும் பார்த்தபடி இருந்தாள். தண்ணீர்த் தொட்டி, தேக்கு மரங்கள், எருமை குளிக்கிற மடு. பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்வது போல இருந்தது.

"அப்ப வெயிலா?" என்று கேட்டாள்.

"இல்ல. மேகம் போட்டிருந்துச்சு" என்றார் அண்ணன்.

"தண்ணி கேட்டாளா?"

"ஜுமாடி குடுத்தான்."

என் வீட்டுக்காரர் முகத்தைத் தீயின் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் பாலம், இரண்டாம் பாலம். மூன்றாம் பாலம் தெரிந்ததும் அண்ணன் ஆவியைக் குறைத்தார். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. பின்னால் மேளக்காரர்களும் என்னவோ ஏதோ என்று நிறுத்திவிட்டார்கள். வண்டி பாலத்தின் நடுவில் நின்றது.

"இங்கதான்" என்றார்.

கீழே ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக ஓடியது. கசியெம் பார்த்தாள். கரும்பின் மேல் சுற்றியிருந்த துணி காற்றில் விலகியது. அதை இழுத்துச் சரிசெய்தாள்.

"சரி, போலாம்" என்றாள்.

அண்ணன் கைப்பிடியில் கை வைத்தபடி அழுதார். ஒரு வருஷம் முழுக்க அழாத மனுஷன். அவர் அழுது முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைக் கரும்பை ஏற்றிக்கொண்டு கல்யாணத்தை முடித்தோம். சாப்பாடு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். எனக்கு எதுவும் இறங்கவில்லை. ஆலைக்குத் திரும்பி வந்தபோது உருளைக்கூடத்தின் வாசலில் ஆலை மொத்தமும் நின்றிருந்தது. இன்ஜினிலிருந்து அங்கே நடக்கக் கொஞ்ச தூரம், உச்சி வெயில். ஆவி இருக்கிற இன்ஜினை விட்டு டிரைவர் இறங்கக் கூடாது. கசியெம் கரும்போடு தனியாக இறங்கி நடக்கத் தொடங்கினாள்.

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"போங்கண்ணே. இது எங்கயும் ஓடிடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் இருக்கைக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தார். காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மஞ்சள் குடை. ஓடிப்போய், விரித்து, அவள் தலைக்கு மேலே பிடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள். இரண்டு பேரும் குடைக்குள் நடந்துபோனார்கள்.

அந்தக் குமாஸ்தாவுக்கு இதற்குள் யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அவன் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, வெறும் குரலில் கூப்பிட்டான்.

"வெனிங் அம்மா. வெனிங் அப்பா. பொண்ண ஒப்படைக்க வாங்க."

உருளை சுழலத் தொடங்கியிருந்தது. கர்ஸோ கை நீட்டினார். கசியெம் கரும்பைக் கொடுக்கவில்லை. அப்படியே நின்றாள். எத்தனை நேரமோ. அவசரப்படுத்த யாருக்கு மனசு வரும். பிறகு அந்த பாத்திக் துணியை அவிழ்த்து, மடித்து, புருஷனின் தோளில் போட்டாள். தோகையைத் தடவி ஒழுங்குபடுத்தினாள். கர்ஸோவைத் தாண்டிப் போய், கரும்பைத் தன் கையாலேயே உருளைக்கு ஓடும் பட்டையின் மேல் வைத்தாள். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவள் வேறு என்ன சொல்வாள்.

"போயிட்டு வாம்மா" என்றாள்.

பட்டை நகர்ந்தது. உருளை கரும்பைக் கடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்தச் சத்தத்துக்குக் கூட்டமே ஆரவாரம் செய்யும். அந்த வருஷம் யாரும் வாய் திறக்கவில்லை. முதல் சாற்றைப் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு டம்ளரில் கொடுப்பார்கள். தட்டில் வைத்துக் கொண்டுவந்த பையனைக் கர்ஸோ பாதியிலேயே தடுத்து, மூன்று விரல் கையால் டம்ளரை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அந்த அரவையில் யார் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது சந்தில் எல்லோரும் பழையபடி வெனிங் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊரறியக் கூப்பிட்டாகிவிட்டது, இனிமேல் என்ன தயக்கம். அவளும் முதல் தடவையிலேயே திரும்பிப் பார்க்கிறாள். மத்தியானம் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருகிறாள். முன்னைவிடப் பேசுகிறாள். மூன்றாம் பாலத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து நடந்துபோகிறார்கள்கூட. காபியைக் கலக்கிவிட்டு நான் கரண்டியை எடுப்பேன்.

"வெனிங் அம்மா, சக்கரை?"

"வேணாம்."

ஒவ்வொரு நாளும் கேட்கிறேன், ஒவ்வொரு நாளும் அதே பதில். கறுப்புக் காபியை வெறுமனே குடிக்கிறாள். டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை. அரவை முடிந்ததும், அந்த வருஷச் சாற்றில் காய்ச்சிய சர்க்கரையை ஆலையில் வீட்டுக்கு ஒரு மூட்டை கொடுத்தார்கள். அவள் தன் வீட்டு மூட்டையைப் பிரிக்காமலே என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்களுக்கு எதுக்கு? நீ கடைக்கு வெச்சுக்க" என்றாள்.

வாங்கி மேல் பலகையில் வைத்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது. கடைக்கு வேண்டியதைச் சந்தையிலிருந்து வாங்கி வருகிறேன்.

"சர்க்கரை ஆலை வாசல்ல கடைய வெச்சுக்கிட்டு, சந்தையில போய் சர்க்கரை வாங்கற ஒரே பொம்பள நீதான்டி" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு மேல் பலகையைப் பார்த்தார். அதற்கப்புறம் சந்தைக்கு அவரே போய் வாங்கி வருகிறார்.